பிரிக்காத சைக்கிள்

“சாமி, ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் பிறந்தநாளுக்கு என்ன வாங்கிக் குடுக்கலாம்?” என்று கேட்டாள் வடிவு.

மடத்து வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த சின்னச் சாமி நிமிர்ந்து பார்த்தார்.

“என்கிட்டயா கேக்குற? நான் என்ன ஃபேன்ஸி ஸ்டோரா வச்சிருக்கேன்?”

வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. கொளுத்துகிற வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறாள்.

பெரிய சாமி இருந்தவரை இந்த மலையடிவாரத்து மடத்துக்கு ஊரே திரண்டு வரும். அவர் போன பிறகு சின்னச் சாமியைத் தேடி யார் வருகிறார்கள்? வடிவைவிடப் பத்து வயசாவது இளையவர். எந்நேரமும் சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார். ஆனாலும் காவி காவிதானே. வேறு யாரிடம் போய்க் கேட்பது?

“என் வீட்டுக்காரரோட மூத்த தாரத்துப் பிள்ளை சாமி. பேரு துர்கா. பெத்தவ காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டா. நான் வந்து ரெண்டு வருஷமாச்சு.”

“அடம் பிடிக்குதா?”

“பிடிச்சாத்தான் தேவலையே! தங்கமான பிள்ளை. எது குடுத்தாலும் வாங்கிக்கும். ‘ரொம்ப நன்றிங்க’ன்னு சொல்லும். கொண்டுபோய் அலமாரியில வச்சிரும். பட்டுப்பாவாடை, கொலுசு, பேசுற பொம்மை... ஒண்ணையும் தொட்டதில்ல. போன வருஷம் சைக்கிள் வாங்கினேன். வளர்ற பிள்ளையாச்சேன்னு ஒரு சைஸ் பெரிசாவே வாங்கினேன். சீட்டுல சுத்தின பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கல. ஆனா அடுத்த வீட்டுப் பிள்ளையோட சைக்கிள்ல தெருவெல்லாம் பறக்குது.”

“உன்னை என்னன்னு கூப்பிடும்?”



“ஒண்ணும் சொல்லிக் கூப்பிடாது. எதிர்ல வந்து நிக்கும். நானாப் பாத்தா உண்டு.”

சாமி கீரையைக் கீழே வைத்தார்.

“அம்மான்னு கூப்பிட வேண்டாம் சாமி. அந்த இடம் எனக்கு வேண்டாம். சித்தின்னு ஒரு வார்த்தை. அதுக்குக்கூடவா நான் லாயக்கில்லாமப் போயிட்டேன்?”

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

“பிறந்தநாள் என்னைக்கு?”

“ஞாயித்துக்கிழமை. இன்னும் நாலே நாள்தான் இருக்கு.”

“நடந்தா வந்தே?”

“ஆமா. இந்தப் பக்கம் பஸ்ஸு ஏது? சைக்கிள் மிதிக்கவும் எனக்குத் தெரியாது.”

“சரி. நாளைக்கு வா.”

கொண்டுவந்த ஒரு சீப்புப் பூவன் பழத்தை நீட்டினாள்.

“ரொம்ப சந்தோஷம் தாயி. அந்தத் தூணோரமா வை.”

•

மறுநாள் ஒரு புதுத் துண்டு வாங்கிக்கொண்டு போனாள். சாமியின் தோளில் கிடந்தது கிழிசலாக இருந்ததை முதல் நாளே பார்த்து வைத்திருந்தாள்.

“ரொம்ப சந்தோஷம் தாயி. தூணோரமா வை.”

தூணோரத்தில் பழம் வைத்தது வைத்தபடி இருந்தது.

“ஏதாவது தோணுச்சா சாமி?”

“நாளைக்கு வா.”

•

மூன்றாம் நாள் அதிரசம். விடியற்காலையில் எழுந்து, பாகு பதம் தப்பிவிடக் கூடாதே என்று அடுப்பை விட்டு நகராமல் நின்று சுட்டது.

“ரொம்ப சந்தோஷம் தாயி. தூணோரமா...”

வடிவு தூணோரத்தைப் பார்த்தாள். பழம் கறுத்து ஈ மொய்த்துக் கிடந்தது. துண்டு கடைக் கவருக்குள்ளேயே இருந்தது.

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

“என்ன சாமி நினைச்சுக்கிட்டிருக்கீங்க? மூணு நாளா மனுஷி ஆசை ஆசையாக் கொண்டாந்து குடுக்குறேன். பழம் அழுகிக் கிடக்கு. துண்டைப் பிரிச்சுக்கூடப் பாக்கல. வேண்டாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிரலாம்ல?”

“மரியாதையாத்தானே தாயி வாங்கிக்கிட்டேன்?”



சாமி எழுந்திருக்கப் பார்த்தார். வலது காலை ஊன்ற முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு உதவி செய்வியா? உள்ளங்கால்ல முள்ளு. நானும் எடுத்து எடுத்துப் பாக்குறேன், வரமாட்டேங்குது.”

வடிவு படியில் உட்கார்ந்து தாலிச் செயினில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். காலைத் திருப்பிப் பார்த்தாள். முள்ளைச் சுற்றி வீங்கிச் சீழ் கோத்திருந்தது.

“எத்தனை நாளா இருக்கு?”

“அஞ்சு நாளிருக்கும்.”

“அஞ்சு நாளா! புத்தி இருக்கா உனக்கு? கால் போயிருந்தா என்ன பண்ணுவே? யார்கிட்டயாவது சொல்லித் தொலைச்சா என்ன? ஆட்டாதே, காலை ஆட்டாதே. இதுல சாமின்னு பேரு வேற!”

முள் வந்துவிட்டது. அப்புறம்தான் என்ன பேசினோம் என்பது உறைத்தது. வடிவு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சிருங்க சாமி. ஏதோ நம்ம வீட்டுப் பிள்ளைகிட்டப் பேசுற மாதிரி...”

சாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கையை நீட்டி ஒரு அதிரசத்தை எடுத்துக் கடித்தார்.

“வெல்லம் கொஞ்சம் தூக்கல்.”

வடிவு உள்ளங்கையில் கிடந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். கும்பிடக்கூட மறந்து, ஓட்டமும் நடையுமாக ஊரைப் பார்த்துப் போனாள்.

•

ஞாயிற்றுக்கிழமை காலை. துர்கா தலைக்குக் குளித்துவிட்டுக் கூடத்தில் வந்து நின்றாள். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளக் கை இரண்டும் தயாராக இருந்தன.

“இந்த வருஷம் நான் ஒண்ணும் வாங்கல கண்ணு.”

“பரவாயில்லைங்க.”

“எனக்குத்தான் உன்கிட்ட ஒண்ணு வேணும்.”

துர்கா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை.

“எனக்கு சைக்கிள் மிதிக்கக் கத்துத் தர்றியா? எங்க போனாலும் நடந்து நடந்து கால் ஓஞ்சு போச்சு. ஆனா பயமா இருக்கு. விழுந்தா நீதான் தூக்கி விடணும்.”

 

துர்கா வாசலுக்குப் போனாள். சைக்கிள் சீட்டில் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்துச் சர்ரென்று இழுத்தாள்.

“சேலையைத் தூக்கிச் சொருகிக்கோங்க. சக்கரத்துல மாட்டும்.”

பள்ளிக்கூட மைதானத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆள் பல்லைக் காட்டினான்.

“என்னக்கா, சர்க்கஸ்ல சேரப் போறியா?”

“அவங்க கத்துக்கிறாங்க. உங்களுக்கென்ன?” என்று வெடுக்கென்று கேட்டாள் துர்கா.

முதல் தடவை வடிவு இடப்பக்கம் விழுந்தாள். இரண்டாம் தடவை வலப்பக்கம். முழங்கையில் சிராய்ப்பு. துர்கா குனிந்து அதில் ஊதிவிட்டாள். “எரியுதா? அப்படித்தான் எரியும். ஏறுங்க.”

மூன்றாம் தடவை பிள்ளை கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். சைக்கிள் ஆடியது, நெளிந்தது, அப்புறம் நேராகப் போனது. கேரியரை எப்போது விட்டாள் என்று வடிவுக்குத் தெரியாது. முகத்தில் காற்று அடித்தது. ரொம்பப் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

“கீழ பாக்காத சித்தி! நேராப் பாரு! பின்னால மட்டும் திரும்பிராத சித்தி!”

வடிவு திரும்பிவிட்டாள்.