சிறகு முளைத்த யானை

சிரிப்பு உண்டு, ஆனா கொஞ்சம் பொறுங்க. முதல்ல எங்க கோயில் தர்மகர்த்தா தொண்டையைக் கனைக்கணும்.

"க்ர்ர்ஹ்ம்! யானைக்குச் சிறகா?"

திருவிழாவுக்காக மதில்சுவரில் படம் வரைந்துகொண்டிருந்த ஏழாம் வகுப்பு தேனரசி திரும்பினாள். "சாமி கொடுத்த கற்பனைங்க ஐயா."

"சாமி இப்படிக் கிறுக்குத்தனமா யோசிக்குமா? சுண்ணாம்பு அடிச்சு அழி! இனிமே பிரஷ்ஷைத் தொட்டே, தெரியும் சேதி!"

"அழிச்சிடறேன் ஐயா. ஆனா இங்கே இன்னொருத்தர், யானை எலி மேல சவாரி போறதா யோசிச்சிருக்காரே?"

"எலி நசுங்காதா? எந்த மடையன் யோசனை அது? ஆளைக் காட்டு, தோப்புக்கரணம் போட வைக்கிறேன்!"

தேனரசி அவரைச் சன்னிதிக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினாள். உள்ளே மூஞ்சூறு மேல், தொந்தியும் துதிக்கையுமாகப் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

தர்மகர்த்தாவின் கைகள் தானாகவே காதுகளைப் பிடித்தன.