ஏழாம் கல்லில் இறங்கிய நாரை

குழந்தைகளே, மலைப்பனி பகல் ஏறும் வரையில் கலையாமல் தங்கியிருக்கும் ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. அது ஓரிடத்தில் பாறையிலிருந்து குதித்து, வரிசையாகக் கிடந்த ஏழு கற்களைச் சுற்றிக்கொண்டு, இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி, ஆழமான ஒரு மடுவில் போய்ச் சேர்ந்தது. அந்த இடத்துக்கு ஏழுகல் துறை என்று பெயர்.

ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே அருவியோசையையும் தவளைக் குரலையும் தவிர வேறொன்றும் கேட்காது. மழைக்காலத்தின் முதல் வெள்ளம் வடியத் தொடங்கியதும் பத்தே நாள்கள், கடலோரக் கழிகளிலிருந்து மீன்கள் நீரை எதிர்த்து ஏறிவரும். அவற்றை ஏற்றுமீன் என்பார்கள். பனிக்குள்ளிருந்து முதலில் ஒன்று வரும், பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத அளவு. ஆறு உறக்கத்திலேயே வெள்ளியைக் கனவு காண்பது போலிருக்கும் அந்தக் காட்சி.

மீன் ஏறும் செய்தி எப்படியோ பரவிவிடும். தொலைதூரத்திலிருந்தும் பறவைகள் வந்து, கரையில் நின்ற மருதமரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காரும். பறவைகள் முப்பது, கற்களோ ஏழு. ஆகவே அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பறவையும் அருவியடியில் உள்ள முதற்கல்லில்தான் இறங்க வேண்டும். அங்கே ஒருமுறை கொத்தலாம். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த கல்லுக்கு நகர்ந்துவிட வேண்டும். ஏழாம் கல்லில் கொத்தி முடித்ததும் எழுந்து பறந்து, மரத்தில் எல்லோருக்கும் கடைசியாக உட்கார வேண்டும். ஒரு பறவை நின்றுகொண்டிருக்கும்போது அதற்குக் கீழே இன்னொரு பறவை குறுக்கே இறங்குவது கூடவே கூடாது.

'ஒரு கொத்து, ஒரு கல்' என்று அந்த வழக்கத்தைச் சுருக்கமாகச் சொல்வார்கள். ஏழு பறவைகள் ஒரே தாளத்தில் கல் மாறிக் கல் மாறி இறங்கிவருவதைப் பனியினூடே பார்த்தால், ஆறு மெல்ல மூச்சு விடுவது போலத் தோன்றும்.

அந்த முப்பதில் ஒன்று சாம்பல் நாரை. அது கூர்ந்த அறிவுடையது. தனக்கு அறிவு உண்டு என்பதை அது ஒருகணமும் மறந்ததில்லை. அதுதான் அதன் குறை.

நாரையின் கூட்டில் இரண்டு குஞ்சுகள் இருந்தன. மீன் ஏறத் தொடங்கிய மூன்றாம் நாள் மாலையில் பெண் நாரை கவலையோடு சொன்னது:

"பெரியவன் கிளைக்குக் கிளை தாவுகிறான். சின்னவள் சிறகை விரித்தாலே சாய்ந்து விழுகிறாள். வெள்ளம் வற்றியதும் எல்லோரும் ஏரிப்பக்கம் புறப்பட்டாக வேண்டும். பறக்க முடியாதவளை எப்படி அழைத்துப் போவது?"

"மீன் தின்றால் தேறிவிடுவாள்."

"தின்றால்தானே? இன்றைக்கு நீங்கள் கொண்டுவந்தது என் நகத்தளவு இருந்தது. அதையும் பெரியவன் பிடுங்கிக்கொண்டான்."

நாரை, சின்னவள் கூட்டின் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டு உறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியலில், மருதமரத்தில் தன் முறைக்காகக் காத்திருந்தபோது, நாரை யோசித்தது. 'மீன்கள் கீழிருந்து வருகின்றன. அத்தனை மீனும் ஏழாம் கல்லை உரசிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். அங்கே வழி மிகக் குறுகல். உள்ளே வந்துவிட்டாலோ எட்டுத் திசையிலும் கலைந்துவிடுகின்றன. அப்படியிருக்க, ஆறு கற்களில் வெறும் நீரைக் கொத்திவிட்டு ஏழாம் கல்லுக்குப் போவானேன்? நேராகவே அங்கே இறங்கினால் என்ன?'

அப்போது ஆறாம் கல்லில் நீர்க்காகம் நின்றிருந்தது. அது முன்கோபி. ஒருமுறை மூழ்கி வெறுவாயோடு எழுந்து, ஏழாம் கல்லுக்கு நகர்வதற்காகக் காலைத் தூக்கியது. தூக்கிய காலை வைப்பதற்குள் நாரை பறந்துவந்து அந்தக் கல்லில் இறங்கிவிட்டது.

"ஏய்! கண் தெரியவில்லையா? நான் நிற்கிறேன்!" என்று கத்தியது நீர்க்காகம்.

"நன்றாகத் தெரிகிறது, தம்பி. நீ ஆறாம் கல்லில் நிற்கிறாய். ஏழாம் கல் காலியாகத்தானே கிடந்தது?"

"காலியா? என் அடுத்த அடி அதில்தான்!"

"அடுத்த அடியை நீ இன்னும் வைக்கவில்லையே!"

மரக்கிளையில் இருந்த மீன்கொத்தி விழுந்து விழுந்து சிரித்தது. கேலி பேசாவிட்டால் அதற்கு நாள் ஓடாது. "நீர்க்காகத்தாரே, வழக்கில் தோற்றுவிட்டீர்! வீட்டுக்குப் போய் இறக்கையைக் காயப்போடும்!"

"கோபப்படாதே, தம்பி. என் வீட்டில் ஒரு குஞ்சு மெலிந்து கிடக்கிறது. அவளுக்காகத்தான்" என்றது நாரை.

"என் வீட்டில் நான்கு கிடக்கின்றன. அவை என்ன, பாசியைத் தின்று வளர்கின்றனவா?"

நாரை காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கொத்து, ஒரு மீன். அது நகரவில்லை. இன்னொரு கொத்து, இன்னொரு மீன். அன்று சின்னவள் வயிறு புடைக்கத் தின்றாள்.

"இத்தனை மீன் எப்படிக் கிடைத்தது?" என்று பெண் நாரை கேட்டது.

"கொஞ்சம் யோசித்தேன்."

"யாரும் ஒன்றும் சொல்லவில்லையா?"

"பறவைகள் சொல்லின. மீன்கள் ஒன்றும் சொல்லவில்லை."

ஐந்தாம் நாள் விடிந்தது. நாரை ஏழாம் கல்லில் இறங்கிச் சிறகை மடிப்பதற்குள், அதன் விலாவை இடித்துக்கொண்டு சின்னக் கொக்கு வந்து நின்றது. பிறர் செய்வதைப் பார்த்துச் செய்வதே சின்னக் கொக்கின் இயல்பு.

"என்னப்பா இது? ஒரே கல்லில் இரண்டு பேரா?"

"நேற்று நீங்கள் இங்கேதானே இறங்கினீர்கள், அண்ணா? நீங்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று வந்தேன்."

அடுத்து நீர்க்காகம் வந்தது. அது இருவருக்கும் கீழே, பாறையிடுக்கின் வாயிலேயே இறங்கியது. "நான் இறங்கக் கூடாதா? இந்த இடமும் காலியாகத்தானே கிடந்தது?" என்று நாரையைப் பார்த்து உறுமியது.

நண்பகலுக்குள் முப்பது பறவைகளும் அங்கே வந்துவிட்டன. அருவியடியில் ஒருவருமில்லை, நடுக்கற்களில் ஒருவருமில்லை. பாறையிடுக்கில் மட்டும் கால் வைக்க இடமில்லை. பனிமூட்டத்தில் பார்த்தால், ஆற்றுக்குக் குறுக்கே யாரோ மூங்கில் வேலி கட்டியது போல அறுபது கால்கள் தெரிந்தன.

கீழே மடுவிலிருந்து வெள்ளிக்கீற்று ஒன்று எழுந்து வந்தது. அறுபது கால்களைக் கண்டது. ஒரு கணம் நீரில் அசையாமல் நின்றது. பிறகு, கனவு கலைவது போல, சத்தமில்லாமல் திரும்பி மறைந்தது.

அன்று யாருக்கும் மீன் இல்லை. ஆறாம் நாளும் இல்லை.

"நீ சிறகை அடித்தாய், அதனால்தான் மிரண்டது!"

"உன் நிழல் விழுந்தது, அதனால்தான்!"

"முதலில் என் காலை மிதிப்பதை நிறுத்து!"

மடுவுக்கே போய்ப் பிடிக்கலாமென்றால், அங்கே நிற்க ஒரு கல்லும் கிடையாது. போதாததற்கு முதலை ஒன்று நெடுங்காலமாய்க் குடியிருந்தது. மீன்கொத்தி மட்டும் மடுவின்மேல் உயரப் பறந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

"கீழே பெரிய கூட்டம் நடக்கிறது! இவ்வளவு மீனை என் பிறவியில் கண்டதில்லை. எல்லாம் உங்கள் கால்களை அண்ணாந்து பார்த்தபடி நிற்கின்றன. தண்ணீர் இன்னும் ஒரு சாண் இறங்கினால், வந்த வழியே கடலுக்குப் போய்விடும்."

"அப்படியானால் யாராவது விலகுங்கள்" என்றது ஒரு குரல்.

"நீ விலகு."

"நீ விலகினால் நானும் விலகுகிறேன்."

"நான் விலகியதும் என் இடத்தில் நீ நிற்பாய். நான் என்ன ஏமாளியா?"

ஒருவரும் விலகவில்லை. ஏழாம் நாள் போயிற்று. எட்டாம் நாளும் போயிற்று. கற்களில் ஈரக்கோடு ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

ஒன்பதாம் நாள் விடியலில் பெண் நாரை மிகத் தாழ்ந்த குரலில் சொன்னது: "சின்னவள் இன்று வாயைத் திறந்து கேட்கவில்லை. பசிக்கிறது என்றாவது அழுதுகொண்டிருந்தாள், அதையும் விட்டுவிட்டாள்."

நாரை துறைக்குப் போனது. இடித்துத் தள்ளி, கடிபட்டு, ஏழாம் கல்லில் தன் இடத்தைப் பிடித்தது. சுற்றிலும் வெண்பனி. அதன் நடுவில் கால்கள், கால்கள், கால்கள். மேலே, பனிக்குள், ஆறு கற்கள் ஒருவருமின்றி ஈரமாய் மினுங்கின.

நாரை தன் கால்களைக் குனிந்து பார்த்தது. 'இந்த வேலியின் முதற்கால் என்னுடையது' என்று நினைத்தது.

பிறகு எழுந்து பறந்து, அருவியடியில் முதற்கல்லில் தன்னந்தனியாக இறங்கியது.

கீழே பெருஞ்சிரிப்பு எழுந்தது. "நாரையார் தவம் செய்யப் போய்விட்டார்!" என்றது மீன்கொத்தி. அதற்குள் நீர்க்காகம் ஏழாம் கல்லுக்குத் தாவி, நாரை விட்டுப்போன இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நாரை ஒருமுறை கொத்தியது. வெறும் நீர். இரண்டாம் கல்லுக்கு நகர்ந்தது. கொத்தியது. வெறும் நீர். மூன்றாம் கல்லுக்கு நகர்ந்தபோது பின்னால் ஒரு சிறகொலி கேட்டது. முதற்கல்லில் சின்னக் கொக்கு.

"நீ ஏன் வந்தாய்?"

"நீங்கள் வந்தீர்களே, அண்ணா!"

வாழ்க்கையில் முதன்முறையாக நாரைக்கு அந்தக் கொக்கின்மேல் அன்பு பிறந்தது. கொக்குக்குப் பின் ஒரு தாரா வாத்து வந்தது. அதற்குப் பின் இன்னொன்று. வேலி ஒவ்வொரு காலாய்ப் பிரிந்தது. முதற்கல்லில் இடமில்லாதவை மரத்துக்குப் பறந்து முறைக்காகக் காத்திருந்தன.

நாரை ஆறாம் கல்லை அடைந்தபோது, ஏழாம் கல்லில் நீர்க்காகம் மட்டும் அசையாமல் நின்றது.

"என் காலைத் தூக்கவிடாமல் குறுக்கே விழுந்தவன் நீ. உன்னை நம்பி நான் விலக வேண்டுமா?"

"விலக வேண்டாம், தம்பி. நீ கொத்தி முடிக்கும் வரையில் நான் இங்கேயே நிற்கிறேன். உனக்குக் கீழே இறங்க மாட்டேன்."

நீர்க்காகம் நம்பவில்லை. ஒரு கண்ணை நாரையின் மேலும் ஒரு கண்ணை நீரின் மேலும் வைத்துக்கொண்டு காத்திருந்தது. நாரையும் காத்திருந்தது.

அப்போது மடுவிலிருந்து ஒரு வெள்ளிக்கீற்று எழுந்தது. இடுக்கின் வாயில் தயங்கியது. திறந்திருந்த வழியைப் பார்த்தது. உள்ளே நுழைந்தது.

நீர்க்காகம் பாய்ந்து மூழ்கி, துள்ளும் மீனோடு எழுந்தது. எதிரே நாரை, சொன்ன சொல்படி ஆறாம் கல்லில் நின்றிருந்தது. வாய் நிறைய மீன் இருந்ததால் நீர்க்காகத்தால் பேச முடியவில்லை. ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு, எழுந்து மரத்தின் கடைசிக் கிளைக்குப் பறந்தது.

நாரை ஏழாம் கல்லில் காலை வைத்தது. அந்தக் கணத்தில் மீன்கள் வந்தன. மடுவே எழுந்து நடந்து வருவது போல வந்தன. நாரை கொத்தியது. பசியில் கழுத்து நடுங்கியது, அலகு தவறியது. பிடி நழுவி மீன் போய்விட்டது.

காலுக்கடியில் மீன்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. சின்னவளின் மூடிய வாய் நாரையின் கண்முன் வந்தது. இன்னொரு கொத்துப் போதும். ஒன்றே ஒன்று. மரத்தில் இருந்த அத்தனை கண்களும் நாரையையே பார்த்திருந்தன. மீன்கொத்திகூட வாயைத் திறக்கவில்லை.

நாரை கண்ணை மூடிக்கொண்டது. சிறகை விரித்தது. எழுந்து பறந்து, மரத்தில் நீர்க்காகத்துக்கும் பின்னால் போய் உட்கார்ந்தது.

நெடுநேரத்துக்குப் பின் மறுபடியும் அதன் முறை வந்தது. முதற்கல்லில் ஒன்றுமில்லை. இரண்டாம் கல்லில் ஒன்றுமில்லை. நான்காம் கல்லில், உள்ளே வந்து கலைந்திருந்த ஆயிரம் மீன்களில் ஒன்று, கொழுத்தது, தானாகவே வந்தது போல அலகில் அகப்பட்டது.

சின்னவள் முதலில் முகர்ந்தாள். பிறகு விழுங்கத் தொடங்கினாள். பாதி விழுங்கியதும் அப்படியே உறங்கிப்போனாள்; மீனின் வால் மட்டும் அவள் வாயோரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெண் நாரை அதை எடுத்துவிடாமல், விழிக்கும் வரையில் பக்கத்திலேயே நின்றது.

அன்றும் மறுநாளும் துறையில் ஏழு பறவைகள் கல் மாறிக் கல் மாறி இறங்கின. எல்லாக் கூட்டிலும் மீன் இருந்தது. மிஞ்சிய மீன்கள் அருவியைத் தாண்டி மேலே போய் முட்டையிட்டன.

வெள்ளம் வற்றியது. ஒரு காலையில் பறவைகள் அனைத்தும் ஏரிப்பக்கம் புறப்பட்டன. பனியைக் கிழித்துக்கொண்டு எழுந்த அந்தக் கூட்டத்தின் கடைசியில், ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்து, சின்னவளும் பறந்தாள். அதைக் கண்ட நீர்க்காகம் முன்னால் பறந்தவர்களை நோக்கி ஏதோ கத்தியது. அன்று எல்லாப் பறவைகளும் சற்று மெதுவாகவே பறந்தன.

நீதி: பொது இடத்தில் முறையை மீறி முந்துபவன், தனக்கு உரிய பங்கையும் சேர்த்தே இழக்கிறான்.