உலகனுக்கு வேண்டியவர்

கோட்டைச் சிறையில் சாத்தப்பன் என்றொரு கைதி. உள்ளே வந்தபோது மீசை கறுப்பு. இப்போது புருவமே வெள்ளை.

ஒருநாள் சிறைத் தலைவர் திருமேனியிடம் கேட்டான்.

"ஐயா, தண்டனையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. கடலைப் பார்த்துட்டுச் சாகணும்."

அந்த நாட்டில் ஒரு வழக்கம். கொலைக் கைதி இப்படிக் கேட்டால், செத்தவனுக்கு வேண்டியவர் ஒருவர் சிறைக்கு வரவேண்டும். செத்தவன் எப்படிப்பட்ட ஆள் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அப்புறம், 'விடலாம்', 'கூடாது', இரண்டில் ஒன்று. அந்த வார்த்தை இல்லாமல் ராஜாவே நினைத்தாலும் பூட்டு திறக்காது.

செத்தவன் பெயர் உலகன். திருமேனி கடற்கரைக்குப் போனார். உலகனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தாய் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். வீடு இருந்த இடத்தில் வலை காய்ந்தது.

"உலகனா? எந்த உலகன்?" என்றார்கள் கிழவர்கள்.

திரும்பும் வழியில், சிக்கல் என்றால் அவர் போய் நிற்கும் குருவின் குடிசை. குரு பனங்கிழங்கில் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு சிக்கல்."

"சொல்லித் தொலை."

சொன்னார். சொல்லிவிட்டு, "அவனும் லேசுப்பட்டவன் இல்லை சாமி. உலகனைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறானாம். கொன்றவனுக்குச் சிரிப்பு வருமா?" என்றார்.

"என்ன சொல்லிச் சிரிக்கிறான்?"

"நான் கேட்டதில்லை."

"இத்தனை வருஷமா அங்கே என்னத்தைக் காவல் காத்தே? நட."

கிழங்கைக் கடித்தபடியே குரு முன்னால் போனார்.

சாத்தப்பன் கம்பிக்குப் பின்னால் எழுந்து நின்றான். குரு தரையில் உட்கார்ந்தார்.

"உலகன் எப்படிப்பட்ட ஆளு?"

கிழவன் முகம் மலர்ந்துபோயிற்று.

"ஐயோ, அவனா! யாரைப் பார்த்தாலும் அப்படியே நடிச்சுக் காட்டுவான் சாமி. சுங்கக்காரர் தொந்தியைத் தூக்கிக்கிட்டுக் கட்டுமரத்துல ஏறுவார் பாருங்க, இப்படி..."

ஏறிக் காட்டினான். காவலர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். திருமேனிக்கே உதடு துடித்தது. கரையில் அவர் தேடிக் காணாத உலகன், அந்த அறைக்குள் தொந்தியோடு வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டிருந்தான்.

"பனி இறங்கிட்டா கரை தெரியாது. அவன் வாயாலயே சங்கு ஊதுவான். அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு எல்லாக் கட்டுமரமும் வந்து சேரும். அவங்க அம்மா நெத்திலிக் குழம்பு வெச்சா எனக்குத் தனிச் சட்டி. 'ரெண்டும் நான் பெத்ததுதான்'னு சொல்லும். இப்பவும் மழை நாள்ல அந்த வாசம் எனக்கு வரும் சாமி."

நிறுத்தினான்.

"அப்புறம்?"

"எங்க அப்பா திக்கித் திக்கிப் பேசுவார். அவர் செத்துப் பதினாறாம் நாள் காரியம்கூட முடியலை. கரையில எல்லார் முன்னாலயும் அவரை மாதிரியே நடிச்சான். என் கையில துடுப்பு இருந்தது."

கிழவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"நான் அழுதுகிட்டே கிடந்தேன். என்னைச் சிரிக்க வைக்கத்தான் செஞ்சான் சாமி. அப்பாவே வந்து நின்ன மாதிரிதான் இருந்தது. அது எனக்குப் பொறவுதான் புரிஞ்சுது."

குரு திருமேனியைப் பார்த்தார். "உலகனுக்கு வேண்டியவர் கிடைக்கலைன்னியே. இதோ நிக்கிறார். கேளு."

"சாமி, இது..."

"வழக்கப்படி கேளு."

திருமேனி தொண்டையைச் செருமினார்.

"உலகனைக் கொன்றவன் தண்டனையைக் குறைக்கக் கேட்கிறான். விடலாமா?"

சாத்தப்பன் கம்பியைப் பிடித்தான். விட்டான். மறுபடி பிடித்தான். கடலைக் கேட்டவன் அவன்தான். ஒரு சொல் சொன்னால் போதும்.

"கூடாது."

"சாத்தப்பா, யோசிச்சுச் சொல்."

"விடாதீங்க ஐயா. உலகன் எவ்வளவு நல்ல பய தெரியுமா?"

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டான்.

வாசலுக்கு வந்ததும் திருமேனிக்குப் பொறுக்கவில்லை.

"காரியத்தைக் கெடுத்துவிட்டீர்களே சாமி! வேண்டியவரே கூடாது என்று சொன்னபிறகு, கொன்றவனை நான் எப்படி விடுவேன்?"

"விடாதே. உள்ளே போய்த் தேடு. கிடைச்சான்னா நல்லாப் பூட்டி வை."

குரு படியிறங்கினார். பாதியில் நின்று திரும்பினார்.

"அதுவரைக்கும், உலகனுக்கு வேண்டியவரை எந்தச் சட்டத்துல உள்ளே வெச்சிருக்கே?"