விடுவதைப் பார்த்துவிட்டு எடுத்தவர்கள்

கோணமேட்டுக்காரர்களுக்கு மூளை உண்டு. தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்த் தவசிக்கு ஒரு வெள்ளரித் தோட்டம், ஒரு மாட்டுவண்டி, ஓட்டை விழுந்த ஒரு கூரை. மழை வருவதற்குள் கூரை வேய்ந்தாக வேண்டும். புதன்கிழமை காலையில் அவன் மனைவி பொன்னழகு வண்டி நிறைய வெள்ளரிக்காயை ஏற்றிவிட்டுச் சொன்னாள்.

"கீழச்சந்தையில காயைக் கொடுத்துட்டுத் தென்னங்கீற்று மாத்திட்டு வாங்க. கையில கீற்று இல்லாம வந்தீங்கன்னா வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது, ஆமா."

"வைக்க மாட்டேன்" என்றான் தவசி. சொன்ன சொல்லை மீறும் பழக்கம் அவனிடம் கிடையாது. துணைக்கு மைத்துனன் சங்கிலியும் பக்கத்து வீட்டு மாயழகுவும் ஏறிக்கொண்டார்கள்.

அந்தப் பக்கத்தில் புதன்கிழமை இரண்டு சந்தை கூடும். கிழக்கே கீற்று, மேற்கே கருவாடு. பாதை பிரிகிற இடத்தில் ஒரு வாத்தியார் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மாயழகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எந்தச் சந்தைக்குப் போனா நட்டமில்லைங்கய்யா?" என்று கேட்டான்.

அவர் பொருளாதாரம் நடத்துகிறவர். "ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்டுத்தான் ஆகணும் தம்பி. விடுவது எதுவோ, அதுதான் எடுப்பதற்கு விலை. அதனால் எடுக்கும் முன்னால் எதை விடுகிறோம் என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"மச்சான், நாம எடுக்கப் போறது கீற்று. விடுறது கருவாடு. அதை நீங்க பாத்தீங்களா?" என்றான் சங்கிலி.

"இன்னைக்குப் பாக்கலையே மாப்பிள்ளை."

வண்டியை மேற்கே திருப்பினார்கள். பாதி வழியில் மாயழகு கத்தினான். "அண்ணே, நிறுத்துங்க! மேற்கே போறோம்னா இப்ப விடுறது கீற்றுல்ல? அதையும் பாக்கலையே!"

கிழக்கே திருப்பினார்கள். கிழக்கே போகப் போக மறுபடியும் விடுவது கருவாடாகிவிட்டது. இப்படியே போய்ப் போய் வந்ததில் மாடுகளே சலித்துப்போய்ப் பாதை பிரிகிற இடத்தில் நின்றுவிட்டன.

சங்கிலிக்குத்தான் யோசனை உதித்தது. "சந்தை ரெண்டு, மாடும் ரெண்டு. இதுல என்ன குழப்பம்?"

ஒரு மாட்டை அவிழ்த்துக்கொண்டு அவன் கிழக்கே போனான். மற்றதை ஓட்டிக்கொண்டு மாயழகு மேற்கே போனான். வண்டிக்கும் காய்க்கும் தவசி காவல்.

ஆடுகள் வந்தன. சில வண்டிக்கு முன்னால், சில பின்னால். தவசியின் கையில் கம்பு இருந்தது. முன்னால் விரட்டினால் பின்னால் இருப்பதை விட்டதாகும். பின்னால் போனால் முன்னால் விட்டதாகும். எதை விடுகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டுமே! முன்னால் போய் எவ்வளவு காய் இருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தான். பின்னால் போய்ப் பார்த்தான். அதற்குள் முன்பக்கத்துக் கணக்கு மாறியிருந்தது. மறுபடி முன்னால் போனான். ஒருவழியாக இரண்டு பக்கமும் கணக்கு ஒத்துப்போனபோது, இரண்டு பக்கமும் காய் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் திரும்பினார்கள்.

"கீற்று அருமையா இருக்கு மச்சான். நல்ல நீளம்."

"கருவாட்டுல மண்ணு அண்ணே."

"அப்ப கீற்றுதான்" என்றான் தவசி. மனது லேசாகிவிட்டது. "இனிமே கண்ணை மூடிக்கிட்டு கீழச்சந்தைக்குப் போகலாம்."

"காய் எங்க மச்சான்?"

"ஆட்டுக்குள்ள. சந்தை?"

"கலைஞ்சுபோச்சு."

"பரவாயில்லை. முடிவு சரியா எடுத்திருக்கோம்ல?"

வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பொன்னழகு வாசலுக்கு வந்தாள். "கீற்று எங்க?"

"கீழச்சந்தையில இருக்கு. உன் தம்பி கண்ணாலயே பாத்துட்டு வந்தான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தவசி சொன்ன சொல்லைக் காப்பாற்றி, முற்றத்து உரல்மேல் உட்கார்ந்து நனைந்தான். மற்ற இருவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள்.

"வெளியில இருக்கிறதால மச்சான் விடுறது எதுன்னு பாரு" என்றான் சங்கிலி. மாயழகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"உள்ளேயும் இதே மழைதான். கட்டில் கிடக்கிற மூலை மட்டும் காஞ்சிருக்கு. அக்கா அதுல உட்கார்ந்திருக்கு."

"அப்ப அந்த மூலைதான் எனக்கு நட்டம்" என்றான் தவசி.

சங்கிலிக்குப் பொறுக்கவில்லை. ஏணியைச் சாத்திக் கூரைமேல் ஏறி, அந்த மூலையை மூடியிருந்த கீற்றைப் பிய்த்துக் கீழே தவசியிடம் கொடுத்தான். "இனி உள்ளேயும் வெளியேயும் ஒண்ணுதான். உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை மச்சான்!"

உள்ளேயிருந்து பொன்னழகு போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது.

தவசி அதைக் கவனிக்கவில்லை. தன் கையில் இருப்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்து, வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு, வலது காலை எடுத்து வீட்டுக்குள் வைத்தான்.

"இந்தா புள்ள, கீற்று."