மயிலிறகுப் பரிசோதனை

யாராவது ஒருவர் தும்மினால் தெருவே கதவைச் சாத்திக்கொண்ட காலம் அது. வேங்கைநல்லூர் நாட்டில் தும்மல் காய்ச்சல் ஒரு சுற்று வந்து போயிருந்தது. அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விடுவதற்குள் திரும்பவும் வந்துவிட்டது. அரசர் வில்லவராயர் பாடசாலையை இழுத்து மூடினார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெற்றோர் பாடு? அதைக் கேட்காதீர்கள்.

அதிலும் அரசவை விகடகவி குழைக்காதர் பாடு பெரும்பாடு. அவருக்கு நான்கு பிள்ளைகள், நான்கும் வாலில்லாத குறைதான். ஒருநாள் அவர் சபைக்கு வந்தபோது முகத்தில் பாதி மீசைதான் இருந்தது.

"என்ன குழைக்காதரே, மறு பாதியைக் காணோம்?" என்றார் அரசர்.

"மத்தியானம் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன், அரசே. இந்தப் பாதி நாளைக்காம். பாடசாலையை எப்போது திறப்பீர்கள்?"

சபையே சிரித்தது. அரசரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கே திறக்கலாம். ஆனால் காய்ச்சலோடு ஒரே ஒரு பிள்ளை உள்ளே போனாலும் அத்தனை பேருக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, பரிசோதனை இல்லாமல் ஒரு பிள்ளையும் உள்ளே போகக் கூடாது. இது என் ஆணை."

அரண்மனை வைத்தியர் மருதவாணருக்கு வாயெல்லாம் பல். அவரிடம் ஒரு பரிசோதனை தயாராக இருந்தது. ஒரு நீளமான மயிலிறகு. அதை மூக்குக்குள் விட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சுழற்றுவார். தும்மினால் காய்ச்சல் உண்டு. தும்மாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் சாஸ்திரம்!

மறுநாள் காலை பிள்ளைகளெல்லாம் வந்து பாடசாலை வாசலில் வரிசையாக நின்றார்கள். வைத்தியர் முதல் பிள்ளையின் மூக்கில் இறகை விட்டார்.

"ஹச்!"

"காய்ச்சல்! வீட்டுக்குப் போ. அடுத்தது!"

"ஹச்!"

"காய்ச்சல்! அடுத்தது!"

ஒரு தாய்க்குப் பொறுக்கவில்லை. "ஐயா, மூக்குல ஒரு ஈ போனாலே தும்மல் வருமே. இம்மாம் பெரிய இறகு போனா வராதா?"

"குறுக்கே பேசாதேம்மா. தும்மல் பொய் சொல்லாது," என்றார் வைத்தியர்.

உச்சிவேளையில் பாடசாலைக்குள் ஆசிரியரும் ஒரு பல்லியும் மட்டுமே மிச்சம். குழைக்காதரின் நான்கு பிள்ளைகளும் தும்மிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டன.

அவர் மனைவி உலகம்மை வாசலிலேயே அவரை மடக்கினாள். "இங்க பாருங்க. நாளைக்கு இதுங்க பள்ளிக்கூடம் போகலைன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நான் மட்டும்தான் போவேன், சொல்லிட்டேன்!"

குழைக்காதர் வந்த கால் சூடு ஆறாமல் அரண்மனைக்கு ஓடினார்.

"அரசே, அந்த ஆணையைக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா?"

"கூடாது. பரிசோதனை நடந்தே ஆகவேண்டும்."

"அதை வேறு யாராவது செய்தால்?"

"யார் செய்தால் எனக்கென்ன? ஆனால் காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்று உள்ளே நுழைந்தாலும் உம்மைத் தொலைத்துவிடுவேன்!"

மறுநாள் விடிந்ததும் வைத்தியர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அரசே! பாடசாலை வாசலில் உங்கள் பட்டத்துக் குதிரை நிற்கிறது!"

அரசர் பதறிக்கொண்டு போய்ப் பார்த்தார். நிற்கத்தான் செய்தது, கழுத்தில் மாலை வேறு. பிள்ளைகள் ஒவ்வொருவராக அதன் முன்னால் வந்தார்கள். குதிரை முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டியது. பிள்ளை உள்ளே ஓடியது. ஒருவன் கையிலிருந்த முறுக்கையும் அது பிடுங்கித் தின்றது. அடுத்து வந்த பையனை மட்டும் முகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலை உதைத்தது.

"தம்பி, நீ வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள். உடம்பு தேறியதும் வா," என்றார் குழைக்காதர்.

வைத்தியர் அந்தப் பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அனலாகச் சுட்டது.

"நான் பரிசோதனை செய்யச் சொன்னேன். நீர் என்னய்யா கூத்து நடத்துகிறீர்?" என்று அதட்டினார் அரசர்.

"இதுவும் பரிசோதனைதான் அரசே. பரி என்றால் குதிரை. குதிரை சோதிக்கிறது. வேறு யார் செய்தாலும் சரி என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

அரசர் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அது சரி. காய்ச்சல் இருப்பது குதிரைக்கு எப்படித் தெரிகிறது?"

"காய்ச்சல் கண்ட பிள்ளையை எந்தத் தாய் சும்மா அனுப்புவாள்? மார்பிலும் முதுகிலும் நொச்சித் தைலத்தை அப்பித்தான் அனுப்புவாள். அந்த நெடி குதிரைக்கு ஆகாது. போன வாரம் என் மூத்தவன் எங்கள் வீட்டுக் குதிரைக்கு அந்தத் தைலத்தைத் தடவிவிட்டான். ஓடிய குதிரை இன்னும் வீடு திரும்பவில்லை."

வைத்தியருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பரம்பரை பரம்பரையாக வைத்தியம் பார்க்கிற குடும்பம் என்னுடையது! இந்தக் குதிரைக்கு வைத்தியத்தில் என்ன தெரியும்?"

"ஒன்றுமே தெரியாது வைத்தியரே. அதனால்தான் அது யார் மூக்கிலும் எதையும் விடவில்லை!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காய்ச்சல்காரப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் மருந்து கொடுக்கும்படி வைத்தியரை அனுப்பிவைத்தார். பிறகு குழைக்காதரைத் தட்டிக்கொடுத்தார். "கேளும், என்ன பரிசு வேண்டும்? பொன்னா? நிலமா?"

குழைக்காதர் பாடசாலைக்குள் எட்டிப் பார்த்தார். அவருடைய நான்கும் அதற்குள் ஆசிரியரின் தலைப்பாகையை அவிழ்த்துக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தன.

"அதெல்லாம் எதற்கு அரசே? அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பாடசாலை விடுமுறை அல்லவா? அந்த இரண்டு நாளும் என் பிள்ளைகளை அரண்மனையில் வைத்துக்கொண்டால் போதும்."

"யாரங்கே! முரசறையச் சொல்!" என்று அலறினார் அரசர். "அமாவாசை, பௌர்ணமி எதற்கும் இனிமேல் விடுமுறையே கிடையாது!"