மெத்தைக் கம்பெனியின் சம்பளக் கமிட்டி

இந்தக் கதையை நான் பல வருஷமாக நம்பவில்லை. இப்போது நம்புகிறேனா என்று கேட்டால், அதற்கும் நேராகப் பதில் சொல்ல வரவில்லை.

எனக்குச் சொன்னவர் தவசி அண்ணன். வாழையாத்துப்பட்டி இலவம்பஞ்சு மெத்தைக் கம்பெனியின் வாட்ச்மேன். பொய் சொல்லத் தெரியாதவர். அதற்கு வேண்டிய அளவு மூளை அவருக்கு உண்டு என்று ஊரில் யாரும் இதுவரை குற்றம் சாட்டியதில்லை.

நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடம் அந்தக் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில். பஸ் தாமதமாகும் நாட்களில் அவர் இந்தக் கதையைச் சொல்வார். நின்றுகொண்டேதான் சொல்வார். அவருடைய நாற்காலி பக்கத்திலேயே காலியாகக் கிடக்கும். என் மேல் உள்ள மரியாதை என்று முதலில் நினைத்தேன். பிறகு மூலம் என்று நினைத்தேன். இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சமாக இருந்தது.

வயது வந்த நாலு பேர் கூடி உட்கார்ந்து யோசித்து இவ்வளவு தப்பாக முடிவெடுக்க முடியுமா என்பதுதான் என் சந்தேகம். பிறகு எங்கள் அலுவலகத்திலும் சிறந்த ஊழியரைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி போட்டார்கள். நானும் அதில் இருந்தேன். மூன்று மாதம் பேசி, வேலையை விட்டுப் போய் ஒரு மாதமாகியிருந்த ஒருவருக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்தோம். தவசி அண்ணனைச் சந்தேகிக்க எனக்கு என்ன தகுதி என்று அதற்குப் பிறகு அடிக்கடி என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

கதை இதுதான்.

கம்பெனியில் மொத்தம் பதினொரு பேர். நாலு ஆண்கள், ஏழு பெண்கள். வேலை செய்கிறவர்கள் ஏழு பேர் என்றும் சொல்லலாம். அவர்களில் நாகரத்தினம்தான் மெத்தைக்கு ஓரம் தைப்பவர். மெத்தை மெத்தையாக இருப்பது அந்த ஓரத் தையலால்தான். இல்லாவிட்டால் அது பஞ்சு மூட்டை.

அந்த வருஷம் நர்சிங் படிக்கும் பெண்களின் விடுதி ஒன்று அறுபது மெத்தைக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. நாகரத்தினத்தின் மகள் அந்த விடுதியில்தான் சேர்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு, "அம்மா, தரை ஜில்லுனு இருக்கு. மெத்தை எப்ப வரும்னு எல்லாரும் என்னையக் கேக்குறாளுக" என்றாள்.

அதே சமயத்தில் பக்கத்து ஊர் மெத்தைக் கம்பெனிக்காரர், ஒன்றாம் தேதி வந்து சேர்ந்துவிடு என்று நாகரத்தினத்துக்குச் சொல்லி அனுப்பினார். அது முதலாளி வேலப்பன் காதுக்குப் போனது. கூப்பிட்டு விசாரித்தார்.

"பன்னெண்டு வருஷமா ஓரம் தைக்கிறேன் மொதலாளி. போன மாசம் வந்த சடையாண்டிக்கும் எனக்கும் ஒரே சம்பளம். அவரு பாக்குற வேலை, சாவியை வச்சிருக்கிறது. அதையும் ரெண்டு தடவை தொலைச்சிட்டாரு."

நியாயமாகச் சம்பளம் போட்டுத் தருகிறேன் என்றார் முதலாளி. ஒன்றாம் தேதி வரைக்கும் பார்ப்பேன் என்றார் நாகரத்தினம். மறுநாளே முதலாளியின் மகளுக்கு இடுப்பு வலி என்று தூத்துக்குடியிலிருந்து செய்தி வந்தது. மாதம் முழுக்க அங்கேதான் இருக்க வேண்டும். ஆகவே ஒரு கமிட்டி போட்டார். கணக்கர் மாயழகு தலைவர். மேற்பார்வைக்கு ஒச்சப்பன், சாவிக்குச் சடையாண்டி, கேட்டுக்குத் தவசி. வேலை செய்கிறவர்களைக் கமிட்டியில் போட்டால் வேலை கெட்டுவிடும் என்பது அவர் எண்ணம்.

போகும்போது மாயழகு கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். மூன்று வரி. முகம் பார்த்துச் சம்பளம் போடாதே. வேலையை அளந்து கூலி கொடு. நன்றாக வேலை செய்கிறவருக்கு அவர் மனசுக்குப் பிடித்த பரிசாகக் கொடு.

"இதுபடி நடந்தாப் போதும்யா. நான் வர்றப்ப நாகரத்தினமும் இருக்கணும், அறுபது மெத்தையும் இருக்கணும்."

சனிக்கிழமை சம்பள நாள். கமிட்டி காலையிலேயே கூடிவிட்டது.

"மொகம் பாக்கக் கூடாதுன்னா, குடுக்குற ஆளு கண்ணைக் கட்டணுமா, வாங்குற ஆளு மொகத்தை மூடணுமா?" என்றார் ஒச்சப்பன்.

"சீட்டுல அது இல்ல" என்றார் மாயழகு.

"அப்ப ரெண்டையும் செஞ்சிருவோம். ஒண்ணு தவறினாலும் இன்னொண்ணு காப்பாத்தும்."

மெத்தைக் கம்பெனியில் தலையணை உறைக்கா பஞ்சம்? மாயழகு தன் கவரை முன்கூட்டியே எடுத்துக்கொண்டார். தன் முகத்தையே தற்செயலாகப் பார்த்துவிடக் கூடாது என்று ஆபீஸ் சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் திருப்பி வைத்துவிட்டுத்தான் எடுத்தார். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு பத்துக் கவர்களோடு உட்கார்ந்தார். ஆட்கள் தலையில் உறையை மாட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வரிசையில் வந்தார்கள்.

நாகரத்தினம் மட்டும் மாட்ட மறுத்துவிட்டார். "எம் மொகத்துல என்ன கேடு வந்துச்சு? நான் என்ன கோழியா திருடுனேன்?"

"அப்ப குடுக்க முடியாது தாயி. உனக்கு மொகம் இருக்கு" என்று கண்கட்டுக்குள்ளிருந்து வருத்தத்தோடு சொன்னார் மாயழகு.

அந்த நேரம் தெருவில் பஞ்சுமிட்டாய்க்காரர் ஒருவர் மணியடித்துக் கூவிக்கொண்டு வந்தார். பஞ்சு என்ற சத்தம் கேட்டதும் சடையாண்டி அவரை நம்ம ஆள் என்று நினைத்து, இழுத்து வந்து உறையை மாட்டிவிட்டார். கடைசியில் பத்து உறை, பத்துக் கவர். கணக்கு நேராகிவிட்டது. நாகரத்தினத்தின் ஒரு வாரச் சம்பளத்தைப் பஞ்சுமிட்டாய்க்காரர் வாங்கிக்கொண்டு, யாரையும் குறை சொல்லாமல் போனார்.

"வாங்குனவன் ஒருத்தனும் முணுமுணுக்கல பாத்தீங்களா?" என்றார் மாயழகு. "நியாயம்னா அதுதான்."

திங்கட்கிழமை வேலையை அளந்தார்கள். ஒச்சப்பன் டேப்பும் தராசும் கொண்டுவந்தார். முதலில் பஞ்சு அடிக்கும் பாக்கியம். அடிப்பதற்கு முன் பஞ்சை நிறுத்தார்கள். பத்துக் கிலோ. காலையிலிருந்து மத்தியானம் வரை அடித்து, மூக்கிலும் புருவத்திலும் பஞ்சோடு வந்து நின்றார் பாக்கியம். மறுபடி நிறுத்தார்கள். பத்துக் கிலோ.

மாயழகு தராசைத் தட்டிப் பார்த்தார்.

"காலையிலயும் பத்து, இப்பவும் பத்து" என்றார் ஒச்சப்பன் மெல்ல. "அப்ப ஒண்ணும் நடக்கல."

"கையைப் பாருங்கண்ணே, கொப்புளத்தை" என்றார் பாக்கியம்.

"கொப்புளம் உங்கிட்ட இருக்கு ஆத்தா. பஞ்சுல இல்லையே."

அடுத்து நாகரத்தினம். தைப்பதற்கு முன் மெத்தையை அளந்தார்கள். ஓரம் தைத்து இறுக்கிய பிறகு அளந்தார்கள். இரண்டு விரல் குறைந்திருந்தது. திரும்பவும் அளந்தார்கள். அதே இரண்டு விரல்தான்.

"பாக்கியமாச்சும் பரவால்ல" என்றார் சடையாண்டி. "இந்தம்மா வேலை செஞ்சு இருந்ததையும் கொறைச்சிருச்சு."

கடைசியாகத் தவசி அண்ணனின் வேலை. காலையில் கேட்டை அளந்தார்கள், சாயங்காலம் அளந்தார்கள். ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. அந்த வாரம் முழுக் கூலிக்குத் தகுதி பெற்றவர் அவர் ஒருவர்தான். இந்த இடம் வரும்போது தவசி அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொள்வார். தற்பெருமை பிடிக்காது அவருக்கு.

மூன்றாவது வரி பரிசு. இதில்தான் கமிட்டி மிகவும் யோசித்தது.

"வேலை செய்றவனுக்கு மனசுக்குப் புடிச்சது எது?" என்று கேட்டார் மாயழகு.

நாலு பேரும் தங்கள் மனசைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"வேலை இல்லாம இருக்கிறது" என்றார் சடையாண்டி.

"அப்ப லீவுதான் பரிசு. தெனம் ஒருத்தருக்கு. இருக்குறதுலயே நல்லா வேலை செய்றது யாரு?"

அதில் மட்டும் சந்தேகமே வரவில்லை. அளவு என்ன சொன்னாலும், நாகரத்தினம்தான் என்று நாலு பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். மனிதர்கள் முட்டாள்களே தவிர, மனசாட்சி இல்லாதவர்கள் அல்ல.

"எனக்கு லீவு வேணாம்ணே. போன வாரச் சம்பளத்தைக் குடுங்க. அறுபதுல இன்னும் அம்பத்தி நாலு மெத்தை கெடக்கு. எம் மக தரையில படுத்திருக்கா."

"பரிசை வேணாங்கக் கூடாது தாயி. வீட்டுக்குப் போ."

"எத்தனை நாளைக்கு?"

மாயழகு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரிசு கொடு என்றுதான் இருந்தது. திரும்ப வாங்கு என்று இல்லை. "குடுத்ததைத் திரும்ப வாங்குனா அது பரிசா? நீ போ. முடியுறப்ப முடியும்."

வேலைக்குத்தான் கூலி, லீவில் வேலை இல்லை, ஆகவே கூலியும் இல்லை. கம்பெனியிலேயே நன்றாக வேலை செய்தவர் கையில் ஒன்றுமில்லாமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் இருந்தவர்களில் பாக்கியம்தான் சிறந்தவர். அவரும் போனார். அதற்கு மறுநாள் உறை தைக்கும் பெண் போனாள். நல்லவர் போகப் போக அடுத்தவர் நல்லவரானார். ஏழாம் நாள் பெண்கள் யாருமில்லை. எட்டாம் நாள், பக்கத்தில் ஒப்பிட ஆட்கள் குறைந்துபோனதால், சாவியைத் தொலைக்காமல் ஒரு வாரம் வைத்திருந்த சடையாண்டி சிறந்த ஊழியரானார். சாவியோடு வீட்டுக்குப் போனார். ஒன்பதாம் நாள் ஒச்சப்பன். பத்தாம் நாள் மாயழகு தனக்குத்தானே கைகொடுத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டை எழுதித் தவசியிடம் கொடுத்தார். 'நாளை இங்கே இருப்பவர்களில் சிறந்தவருக்கு' என்று இருந்தது.

"மறுநாக் காலையில எல்லாப் பக்கமும் பாத்தேன் தம்பி" என்பார் தவசி அண்ணன். "அவசரப்படல. மத்தியானம் வரைக்கும் யோசிச்சேன். கடைசியில எனக்கே குடுக்குற மாதிரி ஆகிப்போச்சு."

ஆனால் அவருக்கு ஒரு சிக்கல். அவர் குடியிருப்பே கேட்டை ஒட்டிய அறைதான். லீவுக்கு எங்கே போவது? வாட்ச்மேன் வேலை என்பது கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. லீவில் வேலை செய்யக் கூடாது. ஆகவே எழுந்து நின்றார்.

அவர் நிற்கத் தொடங்கிய மூன்றாவது நாள் நாகரத்தினம் வந்தார். தன் பெரிய ஊசியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"கேட்டைத் தொறங்கண்ணே."

"லீவுல இருக்கேன் தாயி."

"அப்ப நானே தொறந்துக்கிறேன்."

"தொறந்துக்க. நான் பாக்கல."

"பாத்துக்கிட்டேதான நிக்கிறீங்க?"

"இது சும்மா பாக்குறது. சம்பளத்துக்குப் பாக்குறது வேற."

சாவி சடையாண்டியோடு போயிருந்தது. ஆனால் அவர் பூட்டாமல் போயிருந்தார். நாகரத்தினம் உள்ளே போய் ஊசியை எடுத்தார். கத்தரிக்கோலை எடுத்தார். தைக்காத மெத்தைகள் சுவர் ஓரமாகச் சாய்ந்து கிடந்தன. மேலாக இருந்த ஒன்றைக் கையால் அமுக்கிப் பார்த்தார். யாரும் டேப்போடு வரவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் கம்பெனி அவ்வளவு நிம்மதியாக இருந்து அவர் பார்த்ததில்லை.

வெளியே வந்து, பாக்கியத்தின் வீட்டுக்கு நடந்தார். "வாடி. உள்ளாற ஒருத்தனும் இல்ல. வேலை ஓடும்."

மறுநாளிலிருந்து ஏழு பெண்களும் வந்தார்கள். தவசி அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. ஏழு பேரும் தனக்கு வணக்கம் சொன்னதையும், பாக்கியம் தினம் காப்பி கொடுத்ததையும் மட்டும் சொல்வார்.

ஒன்றாம் தேதி முதலாளி வந்தார். கேட்டருகே தவசி நின்றார்.

"ஏன்யா நிக்கிற?"

"லீவுங்க மொதலாளி."

முதலாளி பதறிக்கொண்டு உள்ளே ஓடினார். அறுபது மெத்தையும் கட்டி அடுக்கியிருந்தது. அதற்கு முன்னால் நாகரத்தினம் ஊசியும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நீ போயிராத நாகரத்தினம். என்ன வேணும்னு சொல்லு."

"பஞ்சு அடிக்க இவ்வளவு, உறைக்கு இவ்வளவு, ஓரத்துக்கு இவ்வளவுன்னு ரேட்டைச் சொவத்துல எழுதிப் போடுங்க. எல்லாரும் வாசிக்கிற மாதிரி. நிறுத்தி வச்ச அந்த ஒரு வாரச் சம்பளத்தையும் குடுங்க. இன்னொண்ணு இருக்கு."

"சொல்லு."

"அந்த நாலு பேருக்கும் விழுந்த பரிசை யாரும் திரும்ப வாங்கக் கூடாது. சம்பளத்தோடவே இருக்கட்டும். அவுக வர்றதுக்கு ஆகுற செலவைவிட, வராம இருக்கிறதுக்கு ஆகுற செலவு கம்மி."

முதலாளி கொஞ்ச நேரம் மனதுக்குள் கூட்டிக் கழித்தார். சரியாகத்தான் இருந்தது. ரேட்டுப் பலகை அன்றைக்கே ஏறியது. மெத்தைகள் லாரியில் ஏறின. கமிட்டி உறுப்பினர்கள் தங்கள் பரிசு நிரந்தரமானதைக் கேட்டுக் கண்கலங்கினார்கள்.

மாயழகு, ஒச்சப்பன், சடையாண்டி மூவரும் இப்போது இல்லை. லீவிலேயே காலமானார்கள். பலகை இருக்கிறது; ரேட்டு மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. நாகரத்தினத்தின் மகள் இப்போது பெரிய நர்ஸ். ஊருக்கு வந்தபோது தவசி அண்ணனின் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, தினம் கொஞ்ச நேரமாவது உட்காருங்கள் என்று கண்டித்திருக்கிறாள்.

"நல்ல புள்ளதான்" என்றார் என்னிடம். "ஆனா லீவு நாள்ல வேலை செய்யச் சொல்றா தம்பி."

அப்போதுதான் அந்தக் காலி நாற்காலி எனக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறார். இத்தனை நாள் ஒரு நல்ல மனிதரைப் பொய்யர் என்றும், மூலக்காரர் என்றும் நினைத்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. பஸ் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. ஏறுவதற்கு முன் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவரே, இடது காலிலிருந்து வலது காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டு சொன்னார்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் தம்பி. வர்ற தை மாசத்தோட ரிட்டயர் ஆகுறேன்."

பஸ்ஸைப் போகவிட்டுவிட்டுக் கேட்டேன்.

"எதுல இருந்துண்ணே?"