தண்ணீர்த் தாள்

அருளப்பன் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. குரு செங்கமலத்துக்கு முப்பத்தொன்பது. இவர் அவரை 'மேடம்' என்பார், அவர் இவரை 'சார்' என்பார். யாருக்கு யார் குரு என்று புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் திணறித்தான் போவார்கள்.

அருளப்பன் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்துவிட்டார். 'இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை' என்று வீட்டில் கேட்காத நாள் கிடையாது. அதனாலேயே எதையாவது செய்து காட்டிவிட வேண்டும் என்று மனுஷருக்கு ஒரு பரபரப்பு.

செங்கமலத்தின் ஆய்வகத்தில் அவர்கள் செய்தது ஒரு தாள். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது. விரலைக் குத்தி, ஒரு முனையில் ஒரு சொட்டு ரத்தம் விட வேண்டும். சிவப்பு அங்கேயே தங்கிவிடும், தெளிந்த நீர் மட்டும் ஊறி ஊறி மறுமுனையில் இருக்கிற வட்டத்துக்கு வரும். உடம்பைத் துருப்பிடிக்காமல் காக்கிற சத்து, ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறார்களே, அது ரத்தத்தில் இருந்தால் வட்டத்தின் வெளிர்நீலம் மஞ்சளாகும். பெரிய மெஷினும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஒரு டீ குடிக்கிற செலவுதான்.

செங்கமலம் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று. பத்துத் தாளில் ரத்தம் விட்டால், பதினோராவது தாளில் வெறும் தண்ணீர் விட வேண்டும். அது நீலமாகவே இருக்க வேண்டும். மாறிவிட்டால் மற்ற பத்தையும் நம்பக் கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, நெல்லிக்காய் வத்தல் போடுகிற கொட்டகை ஒன்றுக்கு அருளப்பன் தனியாகப் போனார். முப்பது பெண்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்து தாள்களை மேஜையில் பரப்பினார்.

“முப்பதும் மஞ்சள் மேடம். நல்ல அழுத்தமான மஞ்சள். நாள் பூரா நெல்லியைத் தின்னுக்கிட்டே வேலை பாக்குறாங்க, ரத்தத்துல இல்லாம இருக்குமா?”

செங்கமலம் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“தண்ணீர்த் தாள் மூணு இருக்கணுமே சார்?”

“அது... நீலமாத்தான் இருந்துச்சு. பஸ் நெரிசல்ல எங்கேயோ விழுந்துடுச்சு மேடம்.”

“சரி சார்” என்றார் குரு. அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. அருளப்பனுக்குக் காது மடல் சுட்டது.

மூன்று தண்ணீர்த் தாளும் மஞ்சளாகியிருந்தன. முதல் தாள் மாறியபோது தண்ணீரைச் சந்தேகப்பட்டார். இரண்டாவது மாறியபோது தாளைச் சந்தேகப்பட்டார். மூன்றாவது மாறியபோது யோசிக்கவே பயந்துபோய், மூன்றையும் கசக்கிக் கொட்டகை அடுப்பில் போட்டுவிட்டார். பிராக்டிகல் நோட்டில் விடையைப் பார்த்து எழுதிய பையன்களை முட்டி போட வைத்த வாத்தியார் அவர். அதை நினைக்க நினைக்கத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை.

“மேடம், ஒரு சந்தேகம். முப்பது தாள் ஒரே மாதிரி பேசுது. தண்ணீர்த் தாள் மட்டும் அதை நம்பாதேன்னு சொன்னா, எதை நம்புறது?”

செங்கமலம் பையிலிருந்து ஒரு நெல்லிக்காயை எடுத்து நீட்டினார். “சாப்பிடுங்க சார்.”

அருளப்பன் வாங்கிக் கடித்தார். புளிப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கொட்டையைத் துப்பிவிட்டு வந்தார்.

“இப்ப ஒரு தாளை எடுத்துத் தண்ணி விடுங்க.”

விட்டார். அவர் கட்டைவிரல் பட்டிருந்த இடத்தில் மஞ்சள் கிளம்பி வட்டம் முழுக்கப் பரவியது.

“கையுறை போட்டுக்கிட்டுத்தான் போனேன் மேடம்” என்றார் அருளப்பன், தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “ஒரு அம்மா, 'ஏன் சார், எங்களத் தொட்டா ஒட்டிக்கிருமா'ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கழட்டிட்டேன். அவங்க குடுத்த நெல்லியையும் வாங்கித் தின்னேன். வாங்கலைன்னா தப்பா நினைப்பாங்களேன்னு...”

“தண்ணீர்த் தாள்?”

“அடுப்புல போட்டேன்.”

வெளியே வந்துவிட்டது. ஆனாலும் மனசு லேசாகவில்லை, இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

“அந்த அம்மா பேரு வெள்ளையம்மா. ரெண்டு மாசமா மூச்சு வாங்குதாம், தலை சுத்துதாம். வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போறதா இருந்தாங்க. 'உங்க ரத்தம் தங்கம்'னு சொல்லிட்டேன் மேடம். 'அப்பப் போக வேணாமா சார்'னு கேட்டாங்க. நான்... சிரிச்சேன்.”

“நாளைக்கு வியாழக்கிழமை.”

“மேஸ்திரி நம்பர் இருக்கு. போன்ல சொல்லிடட்டுமா?”

“நேத்து போன்லயா சொன்னீங்க?”

செங்கமலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

கொட்டகையில் அப்போதுதான் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. “தங்க சார் வந்துட்டாரு” என்று யாரோ சொல்ல, பெண்கள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். ஒருத்தி கைநிறைய நெல்லியோடு வந்தாள். அருளப்பனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. திரும்பிப் பார்த்தார். குரு தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். உதவிக்கு வருகிற முகமாகத் தெரியவில்லை.

“நேத்து நான் சொன்னது தப்பும்மா” என்றார். “தாள் தப்பாக் காட்டிடுச்சு.”

“அப்படியா சார்?” என்று குரு பின்னாலிருந்து கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

அருளப்பன் மறுபடி பெண்கள் பக்கம் திரும்பினார்.

“இல்ல. தாள் சரியாத்தான் காட்டுச்சு. என் கையில இருந்த நெல்லிச் சாறைக் காட்டுச்சு. உங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தப்பா இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் மறைச்சு, உங்ககிட்ட தங்கம்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.”

வெள்ளையம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் அவளுக்கு மூச்சு இரைத்தது. நேற்றும் இரைத்திருக்கும். அவர்தான் கவனிக்கவில்லை.

“எம் மருமககிட்டக்கூடச் சொல்லிட்டேனே சார், என் ரத்தம் தங்கமாம்னு. இப்ப அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

“என்னாலதாம்மா.”

“கையொறையக் கழட்ட வச்சது நாங்கதான சார். நாங்களும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்.”

“கழட்டினது பெரிய தப்பில்லம்மா. கையக் கழுவிட்டு மறுபடி பாத்திருக்கலாம். அடுப்புல போட்டேன் பாருங்க, அதான்.”

வெள்ளையம்மா அவர் முகத்தையே பார்த்தாள். கோபப்படுவதா பாவப்படுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

“அப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும்கிறீக?”

“நாளைக்கே போங்கம்மா. இந்தத் தாள் உங்க மூச்சுக்குப் பதில் சொல்லாது. நேத்தே நான் அதைச் சொல்லியிருக்கணும்.”

“மேஸ்திரி லீவு குடுக்கணுமே. வேணாம்னு நேத்துத்தான் சொன்னேன்.”

அருளப்பன் மேஸ்திரியிடம் போனார். முப்பது பேர் பார்க்க, தன் தப்பை முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லி, அவளுக்கு லீவு கேட்டார். மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“படிச்சவுகளே இப்படிச் செஞ்சா எப்படி சார்?” என்றான். லீவு கொடுத்துவிட்டான்.

நெல்லியோடு வந்தவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். இப்போது கொடுக்கலாமா கூடாதா என்று அவளுக்கும் புரியவில்லை. அவளைப் பார்க்க முடியாமல் அருளப்பன் வெளியே வந்துவிட்டார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. செங்கமலம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அருளப்பன் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

“மேடம், நான் ஆராய்ச்சியை விட்டுடட்டுமா?”

“எதுக்கு சார்?”

“அந்த அம்மாவோட மூச்சு காதுலயே இருக்கு. இனி ஒவ்வொரு தடவை தாளை எடுக்கும்போதும் கை நடுங்கும்.”

“நடுங்கட்டும்.”

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அருளப்பன் தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“இந்த வெட்கம் எப்ப மேடம் போகும்?”

செங்கமலம் பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

“போனதும் எனக்குச் சொல்லுங்க சார். அன்னிக்கே உங்ககிட்டேருந்து தாளை வாங்கிடுறேன்.”